விட்டுவிடுதலும் மீண்டுவருதலும்: குடிநோய் மீட்சி குறித்த தமிழ்ச் சொல்லாடலும் நடைமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

மதுவுக்கு ஆட்பட்ட ஒருவர் குடியை நிறுத்தும் நாளையே அவரது சிக்கலின் முடிவாகக் கருதும் போக்கு தமிழ்ச் சமூகத்தில் வலுவாக உள்ளது. சத்தியம் செய்தல், கயிறு கட்டுதல், மாலை அணிதல், மையத்தில் சேர்த்தல் ஆகிய நடைமுறைகள் அந்த ஒரு நாளை மையமிட்டே அமைந்துள்ளன. நிறுத்திய பின் வரும் ஆண்டுகளுக்கெனச் சொல்லும் குறைவு, ஏற்பாடும் குறைவு. தமிழில் வழங்கும் சொற்களையும், மண்டல விரதம் என்னும் நடைமுறையையும், சார்புநிலை பற்றிய மருத்துவ, சமூகவியல் ஆய்வுகளையும் ஒருங்கே வைத்து, மீட்சி என்பது நெடுங்காலம் நிகழும் ஒரு வாழ்வுக் கட்டுமானம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குடிநோய், சார்புநிலை, மீட்சி, மண்டல விரதம், மறுவீழ்ச்சி, மீட்சி மூலதனம்

முன்னுரை

இந்திய அரசின் சமூக நீதி அமைச்சகத்திற்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்ட இந்தியர்களில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர். இவர்களுள் மதுச்சார்பு நிலையை எட்டியவர்கள் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர். இவ்வாய்வு தரும் எண்களுள் மிகுதியும் கருதத்தக்கது வேறொன்று. மதுச்சார்பு உடையோரில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு வகை உதவியோ சிகிச்சையோ பெற்றுள்ளார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்.

தமிழகத்தில் மது பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் கடைகளைச் சுற்றியே நிகழ்ந்து வந்துள்ளது. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் தோற்றம், 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் அக்கழகத்தின் கைக்கு வந்தமை, 2023 சூனில் 500 கடைகள் மூடப்பட்டமை என இவ்வரலாறு விற்போரின் வரலாறாகவே எழுதப்படுகிறது. குடித்தவர் குடியை நிறுத்திய பிறகு எவ்வாறு வாழ்ந்தார் என்னும் வரலாறு எழுதப்படவில்லை. அவ்வாறு எழுதுவதற்கு ஏற்ற சொற்களே நிலைபெறவில்லை என்பது அதன் காரணங்களுள் ஒன்று.

சொற்களின் வழியே

பேச்சுத்தமிழில் மது அருந்துவதைக் குறிக்க வழங்கும் பொதுச்சொல் ‘பழக்கம்’ என்பதாகும். ‘அவருக்குப் பழக்கம் உண்டு’ என்றாலே கேட்பவர் பொருளை உணர்ந்துகொள்வர். பழக்கம் என்பது பழகியதால் வந்தது. ஆகவே பழகாமல் இருந்தால் போய்விடும் என்னும் எதிர்பார்ப்பு அச்சொல்லினுள்ளேயே உறைந்துள்ளது. இதற்கு எதிர்முனையில் நிற்பது ‘அடிமை’ என்னும் சொல். ‘குடிக்கு அடிமையானவர்’ என்னும் தொடர் ஆளை முழுவதுமாக உரிமையிழந்தவராகக் காட்டுகிறது. ஆங்கிலச் சொல்லின் வேரும் இவ்வாறே உள்ளது என்பது வியப்புக்குரிய ஒற்றுமை: கடனைத் திருப்பித் தர இயலாமல் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைக்கப்பட்ட ஆளை உரோமானியச் சட்டம் ‘அடிக்டஸ்’ என்றது. பழக்கம், அடிமை என்னும் இவ்விரண்டுக்கும் இடையில் ‘குடிகாரன்’ என்னும் வசைச்சொல்லும், ‘குடிமகன்’ என்னும் நகைச்சொல்லும் உலவுகின்றன. ‘குடிநோயாளி’ என்னும் சொல் மருத்துவமனை வளாகத்தைத் தாண்டி அண்மைக் காலத்தில்தான் வெளிவரத் தொடங்கியுள்ளது.

நிறுத்தத்தைக் குறிக்கும் சொற்கள் இதனினும் நோக்கத்தக்கவை. ‘குடியை விட்டுவிட்டார்’ என்பதே இயல்பான தொடர். இதில் முதன்மை வினையும் விடு, துணைவினையும் விடு. துணைவினையாக வரும் ‘விடு’ ஒரு செயல் முற்றாக முடிந்துபோனதை உணர்த்தும் என்பதை இலக்கணம் பயின்றோர் அறிவர். அதாவது, ஒருவர் குடியை நிறுத்திய செய்தியைச் சொல்லும்போதே மொழி அச்செயலை முடித்து வைத்துவிடுகிறது. ‘மீண்டு வருகிறார்’ என்னும் தொடரில் உள்ள ‘வா’ என்னும் துணைவினையோ செயல் தொடர்ந்து நடைபெறுவதைக் காட்டுகிறது. இத்தொடர் பிற நோயாளிகளுக்கு வழங்கும் அளவு குடிநோயாளிக்கு வழங்குவதில்லை.

மற்றொரு வேறுபாடும் உண்டு. ‘மீள்’ என்பது தன்வினை. அதன் தொழிற்பெயர் ‘மீட்சி’. பிறவினையாகிய ‘மீட்டல்’ என்பதன் வழிவந்தது ‘மீட்பு’. தமிழகத்தில் சிகிச்சை மையங்களின் பெயர்ப்பலகைகளில் பெரிதும் காணப்படுவது ‘போதை மீட்பு’ என்னும் தொடர். மீட்பவர் ஒருவர், மீட்கப்படுபவர் ஒருவர் என்னும் உறவை அது நிறுவுகிறது. ‘மதுவிலக்கு’ என்பதும் விலகுதல் அன்றி விலக்குதல் பற்றியதே. பொதுவெளிக்கு வந்த சொற்களில் குடித்தவரே எழுவாயாக நிற்கும் சொல் அரிதாகவே உள்ளது. ‘மறுவாழ்வு’ என்பது அரிய விதிவிலக்கு. வாழ்தல் என்னும் பொருளைத் தாங்கிய அச்சொல்லும் நடைமுறையில் ஒரு கட்டடத்தின் பெயராகச் சுருங்கிவிட்டது. ‘மறுவாழ்வில் போட்டிருக்கிறோம்’ என்று குடும்பத்தார் கூறும்போது அது ஓர் இடத்தைத்தான் குறிக்கிறது.

இலக்கியத்தில் இரு சான்றுகள்

சங்க இலக்கியத்தில் கள், தேறல், நறவு, தோப்பி முதலியன விருந்தின் பகுதியாகவும் புரவலர் கொடையின் பகுதியாகவும் இடம்பெறுகின்றன. கள்ளைத் தனித்ததொரு தீங்காக எடுத்துப் பேசும் நூல் திருக்குறள். அதில் ‘கள்ளுண்ணாமை’ 93ஆம் அதிகாரம். இவ்வதிகாரம் நிற்கும் இடம் அதன் கருத்தைப் போலவே முக்கியமானது. புலால் மறுத்தலை அறத்துப்பாலில் துறவறத்தின்கீழ் வைத்த வள்ளுவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையில் வைத்துள்ளார். பாவம் என்னும் தளத்திலிருந்து அன்றி, பொருளும் மதிப்பும் உறவும் அழிதல் என்னும் தளத்திலிருந்தே அவர் பேசுகிறார். கள்ளில் களித்திருப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வதை, நீருள் மூழ்கியவனைத் தீவிளக்கு ஏந்தித் தேடும் செயலோடு அவர் ஒப்பிடுவது, இன்றைய ஆற்றுப்படுத்துநர் எவரும் உடன்படக்கூடிய கருத்து. போதையில் இருப்பவரிடம் அறிவுரை கூறலாகாது என்பது அத்துறையின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று.

இதனைவிட இக்கட்டுரையின் பொருளுக்கு நெருங்கியது மணிமேகலையில் வரும் சாதுவன் கதை. கணிகையிடமும் சூதிலும் பொருளை இழந்த சாதுவன், மனைவி ஆதிரையைப் பிரிந்து வணிகம் செய்யக் கடல்வழி செல்கிறான். கலம் உடைந்து நாகர் வாழும் இடத்தில் கரையேறுகிறான். நாகர் தலைவன் அவனுக்குக் கள்ளும் ஊனும் பெண்ணும் அளிக்கிறான், அவன் மறுக்கிறான். பௌத்த ஒழுக்கத்தின் விளக்கமாகவே இப்பகுதி பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. சாத்தனார் கதையை மறுப்போடு நிறுத்திவிடவில்லை என்பதும் உடன் நோக்கற்பாலது. சாதுவன் நாகரோடு உரையாடுகிறான், பொருள் பெறுகிறான், ஊர் திரும்புகிறான், ஆதிரையோடு இல்லறம் நடத்திப் பலருக்கும் ஈகிறான். மறுத்தல் ஒரு நொடி. அதன் பின்னர் உழைப்பு, மீளல், மனைவி, பிறர்க்குப் பயன்படும் நிலை எனக் கதை நீள்கிறது. இருபதாம் நூற்றாண்டின் மீட்சி ஆய்வுகள் வலியுறுத்தும் கூறுகளும் ஏறத்தாழ இவையே.

சார்புநிலை என்பது யாது

மதுமயக்கத்தை நோய் எனக் கூறும் மரபு மருத்துவத்தில் புதியது அன்று. ஸ்காட்லாந்து மருத்துவர் தாமஸ் டிராட்டர் 1804இல் இது பற்றித் தனி நூலே வெளியிட்டார். எனினும் ‘நோயா, ஒழுக்கக்கேடா’ என்னும் வாதத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, எவையெவை சேர்ந்து தோன்றினால் சார்புநிலை எனலாம் என்று வரையறுத்த பெருமை கிரிஃபித் எட்வர்ட்ஸ், மில்டன் கிராஸ் ஆகியோர் 1976இல் எழுதிய கட்டுரையைச் சாரும். அவர்கள் ஏழு கூறுகளைச் சுட்டினர்: குடிக்கும் முறை ஒரே அச்சில் இறுகிப்போதல், மற்ற எல்லாவற்றையும்விடக் குடிக்கு முதன்மை தருதல், தாங்குதிறன் கூடுதல், நிறுத்தினால் உடல் துன்புறுதல், அத்துன்பம் தீரக் குடித்தல், தன்னால் தடுக்க இயலாத உந்துதலை உணர்தல், சிலகாலம் நிறுத்திய பின்னும் மீண்டும் தொடங்கினால் பழைய அளவுக்கே விரைந்து திரும்புதல். கடைசிக் கூறு இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

மூளையியல் ஆய்வுகள் இதற்கு அடித்தளம் தந்துள்ளன. 1993இல் டெர்ரி ராபின்சன், கென்ட் பெர்ரிட்ஜ் ஆகியோர் முன்வைத்த கோட்பாடு, வேட்கையையும் சுவையையும் வேறு வேறாகப் பிரிக்கிறது. தொடர்ந்த பயன்பாட்டால் போதைப்பொருள் மீதான வேட்கை பெருகுகிறது. அது தரும் இன்பம் அந்த அளவில் பெருகுவதில்லை, குறையவும் கூடும். ‘குடிப்பதில் அப்படி என்னதான் சுகம்?’ என்னும் மனைவியின் கேள்விக்கு நெடுங்காலக் குடிநோயாளி விடை கூற இயலாமல் நிற்பது பொய்ம்மையால் அன்று. சுகம் போய் வெகுநாளாகியும் வேட்கை மட்டும் எஞ்சியிருக்கிறது. அவ்வேட்கையை எழுப்புவதற்கு மதுவே தேவையில்லை. சனிக்கிழமை மாலைக் கூலி, கடை இருக்கும் தெருமுனை, உடன் குடித்தவரின் குரல் ஆகிய குறிப்புகளே போதுமானவை.

மதுவை நிறுத்தும்போது உடலில் நிகழ்வனவற்றைத் தனித்துக் கூறவேண்டியுள்ளது. அறியாமை உயிரைப் பறிக்கும் இடம் இது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு இடம், காலம் மறந்து, இல்லாத உருவங்களைக் கண்டு அஞ்சும் சித்தக் குழப்பம் தோன்றும். மருத்துவம் கிட்டாவிடில் இது மரணத்தில் முடியலாம். தக்க மருந்துகளாலும் தயமின் என்னும் உயிர்ச்சத்தாலும் இதனைக் கடக்க இயலும். அபின்வகைப் போதையை நிறுத்தும் துன்பம் கடுமையாகத் தோன்றினும் பெரும்பாலும் உயிருக்கு ஊறு செய்வதில்லை. எளிதாகக் கிடைக்கும் மதுவே இதில் ஆபத்தானது. பேய் பிடித்ததாகவும் செய்வினை எனவும் கருதப்பட்டு இத்தகையோர் மருத்துவமனைக்கு மாறாக வேறிடங்களுக்கு அழைத்துச் செல்லப்படுவதும் உண்டு.

மாலையும் கயிறும்

கார்த்திகை முதல் நாளில் மாலை அணியும் ஐயப்ப பக்தர்கள் 41 நாளோ, ஒரு மண்டலம் எனப்படும் 48 நாளோ விரதம் காக்கின்றனர். தைப்பூசப் பாதயாத்திரை செல்வோரும், செவ்வாடை அணிவோரும் தத்தம் முறையில் விரதம் மேற்கொள்கின்றனர். கிறித்தவர்களின் தவக்காலத்திலும் இசுலாமியரின் ரமலான் மாதத்திலும் இதனை ஒத்த விலகல் நிகழ்கிறது. ஆண்டு முழுவதும் குடித்தவர் பலர் இந்நாள்களில் ஒரு துளியும் தொடுவதில்லை என்பது தமிழக ஊர்களில் எவரும் அறிந்த உண்மை. இதனை இருவகையில் விளக்குவது வழக்கம்: நம்பிக்கையின் வலிமை என்பர் ஒருசாரார், நினைத்தால் விடலாம், மனம்தான் இல்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு விளக்கமும் விரதத்தின் அமைப்பைக் காணத் தவறுகின்றன.

மாலை அணிந்த நாள் முதல் அவரது பெயர் மாறுகிறது. மேலதிகாரியும் மகனும் மனைவியும் ‘சாமி’ என்றே அழைக்கின்றனர். உடை மாறுகிறது, கறுப்பு அல்லது நீல வேட்டி அவரது நிலையைத் தெருவில் எவருக்கும் அறிவிக்கிறது. விடியலிலும் மாலையிலும் குளியல், வழிபாடு என நாளின் இரு முனைகளும் கட்டப்படுகின்றன. குடிக்கும் பொழுதாகிய மாலைப்பொழுதை பஜனை நிரப்புகிறது. வழிநடத்தக் குருசாமி உள்ளார். தம்மைப் போலவே மாலையணிந்த ஒரு குழு உள்ளது. கன்னிச்சாமிக்கு வழிகாட்டும் பொறுப்பும் மூத்தவருக்கு உள்ளது. வீட்டில் சமையல் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நேற்றுவரை ‘கட்டிங்’ பங்கிட்ட நண்பரே இன்று ஒதுங்கி நின்று கும்பிடுகிறார். மறுக்கும் சுமை குடித்தவர்மீது விழுவதில்லை. சுற்றியிருப்போர் அதனைப் பகிர்ந்துகொள்கின்றனர்.

அமெரிக்க உளமருத்துவர் ஜார்ஜ் வைலண்ட், மதுச்சார்பு உடையோரைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட நூலில், நிலைத்த மீட்சியோடு சேர்ந்து காணப்பட்ட நான்கு கூறுகளைக் குறிப்பிட்டார்: குடித்தால் உடனே விளைவைச் சந்திக்க நேரும் கண்காணிப்பு, மதுவுக்கு மாற்றாக மனம் பற்றிக்கொள்ளும் வேறொன்று, புதிய உறவுகள், ஊக்கமும் நம்பிக்கையும் தரும் குழுவில் பங்கேற்பு. மண்டல விரதத்தில் இந்நான்கும் உள்ளன. தெய்வ அச்சமும் ஊர்க்கண்ணும் கண்காணிக்கின்றன, வழிபாடு மாற்றாகிறது, குருசாமி புதிய உறவு, பஜனைக் குழு நான்காவது. ஆகவே விரதக் காலத்தில் குடியாமல் இருப்பதை, ஒரு சமூகம் தன்னையறியாமல் 48 நாள்களுக்கு உருவாக்கித் தரும் மீட்சிச் சூழலின் பயனாகக் கொள்ளலாம்.

பின்னர் மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றுகின்றனர். பெயர் போகிறது, உடை போகிறது, பஜனை நின்றுவிடுகிறது, நண்பர் திரும்பி வருகிறார். சார்புநிலை உடையவர் அன்றே குடிக்கவில்லை எனினும், தொடங்கிய சில நாள்களில் பழைய அளவை எட்டிவிடுகிறார். எட்வர்ட்ஸும் கிராஸும் சுட்டிய ஏழாவது கூறு இதுவே. இதைக் கண்டு ‘நாய் வாலை நிமிர்த்த முடியுமா’ என்று ஊர் சொல்கிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரை ஆராய்ந்த சமூகவியலாளர் லீ ராபின்ஸ் கண்டது இதன் மறுபக்கம். அங்கே படையினருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அபின்வகைப் போதைக்கு ஆட்பட்டிருந்தனர். நாடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அந்நிலைக்குச் சென்றவர் மிகச் சிலரே. அவர்கள் போதையின் சூழலை விட்டு வேறொரு வாழ்வுக்குத் திரும்பினர். மாலையைக் கழற்றியவரோ அதே சூழலுக்கே திரும்புகிறார்.

விரதத்தின் தொடக்கத்திலும் ஓர் இடர் உண்டு. மாலை அணிவதற்கு முந்திய இரவுவரை மிகுதியாகக் குடித்தவர் மறுநாள் முற்றும் நிறுத்தும்போது, மேற்சொன்ன வலிப்பும் சித்தக் குழப்பமும் விரதத்தின் முதல் வாரத்திலேயே நேரலாம். குருசாமிகள் இதனை அறிந்திருப்பது பல உயிர்களைக் காக்கக்கூடும். இந்த அறிவைக் கொண்டுசேர்க்க அவர்களைவிட நெருங்கிய வழி சுகாதாரத் துறைக்கும் இல்லை.

சில ஊர்க் கோயில்களில் வழங்கும் கயிறு கட்டும் முறை இதனின் வேறுபட்டது. குடியாமல் இருப்பதாகச் சத்தியம் செய்து, ஆறு மாதம், ஓராண்டு எனக் காலம் குறித்துக் கயிறு கட்டிக்கொள்கின்றனர். கண்காணிப்பு மட்டும் இதில் உண்டு. குழுவும் நாளொழுங்கும் புதிய பெயரும் இல்லை. தவறினால் தெய்வக் குற்றம் என்னும் அச்சமும் கூடுதலாகச் சேர்கிறது. ஒருமுறை தவறியவர் மீண்டும் கோயிலுக்கு வர அஞ்சுகிறார். வரவேண்டிய இடத்துக்கு வரவிடாமல் தடுக்கும் அச்சம் பயனுடையதா என்பது ஐயத்திற்குரியது.

மறுவீழ்ச்சி

மது, போதைச்சார்பை உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா ஆகிய நெடுநாள் நோய்களோடு ஒப்பிட்டு தாமஸ் மெக்லெல்லன் முதலியோர் 2000இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். சிகிச்சைக்குப் பின் ஓராண்டில் மீண்டும் போதைக்குத் திரும்புவோர் 40 முதல் 60 விழுக்காடு. இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றில் மருந்து தவறி நோய் முற்றுவோரின் அளவும் இதனைவிடக் குறைவன்று. ஆனால் சர்க்கரை கூடிய நோயாளியை எவரும் சத்தியம் தவறியவர் எனக் கூறுவதில்லை. அவருக்கு மருந்தின் அளவை மாற்றித் தருகின்றனர்.

ஆலன் மார்லட், ஜூடித் கார்டன் ஆகியோர் 1985இல் வெளியிட்ட நூல், சறுக்கலுக்கும் வீழ்ச்சிக்கும் இடையிலான தூரத்தை ஆராய்கிறது. முழு விலகலை உறுதிபூண்டவர் ஒரு கோப்பை அருந்திவிட்டால், அக்கோப்பையின் போதையைவிட ‘எல்லாம் போயிற்று’ என்னும் எண்ணமே அவரை முழுக்குடிக்குத் தள்ளுகிறது என்பது அவர்களின் கண்டறிவு. சத்தியத்தின் மொழி இவ்வெண்ணத்தைக் கூர்மையாக்குகிறது. தலையில் அடித்துச் சத்தியம் செய்த குழந்தையின் முகத்தைக் காண இயலாமல் வீடு திரும்பாதவர், அந்த இரவை எங்குக் கழிப்பார் என்பது ஊகிக்க அரியது அன்று.

‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் கூட்டமைப்பு இச்சிக்கலை வேறுவகையில் கையாள்கிறது. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் என்னும் இரு குடிநோயாளிகளால் தொடங்கப்பெற்ற இவ்வமைப்பின் கூட்டங்கள் தமிழகத்திலும் தமிழிலேயே நடைபெறுகின்றன. வாழ்நாள் சத்தியம் இங்கு இல்லை. இன்றைய 24 மணி நேரம் மட்டுமே கணக்கு. இருபதாண்டு குடியாதவரும் தம்மைக் குடிநோயாளி என்றே அறிமுகம் செய்துகொள்கிறார். ‘விட்டுவிட்டேன்’ என்னும் முற்று இங்குச் சொல்லப்படுவதில்லை. பெயர் மறைத்தல் இவ்வமைப்பின் அடிப்படை விதி. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில் இவ்விதி எவ்வளவு பொருந்தும் என்பது கேட்கத்தக்க வினாவே. ஊரார் அனைவரும் அறிய அணியும் மாலை அதற்கு நேர் எதிர்த்திசையில் நின்று அதே பயனைத் தருவதும் உடன் எண்ணத்தக்கது.

மீட்சி மூலதனம்

சிகிச்சை எதுவும் இன்றியே போதையிலிருந்து மீண்டவர்களை ஆராய்ந்த ராபர்ட் கிரான்ஃபீல்ட், வில்லியம் கிளவுட் ஆகியோர் 1999இல் ‘மீட்சி மூலதனம்’ என்னும் கருத்தை முன்வைத்தனர். வேலை, சேமிப்பு, கல்வி, நம்பத்தக்க உறவு, ஏற்றுக்கொள்ளும் சமூகம் ஆகியவை மீள்பவர் கையில் இருக்கும் முதல். அது மிகுந்தவர் தம் முயற்சியிலேயே எழுகின்றனர். இல்லாதவருக்கு அதனை உருவாக்கித் தராமல் போதையை மட்டும் அகற்றினால் மீட்சி நிலைப்பதில்லை.

கட்டடத் தொழிலாளி ஒருவரின் நிலையை இக்கருத்தின்வழி எண்ணிப் பார்க்கலாம். நாள் முழுதும் சுமை தூக்கிய உடல்வலிக்கு அவர் அறிந்த மருந்து மது. தூக்கத்துக்கும் அதுவே. மேஸ்திரி வாரக்கூலியைப் பங்கிட்டுத் தருவது சனிக்கிழமை மாலை. அடுத்த வார வேலை யாருக்கு என்னும் பேச்சு நடைபெறும் இடம் பெரும்பாலும் மதுக்கூடம். அங்குச் செல்லாதவர் குடியை மட்டும் இழப்பதில்லை. வேலைத் தகவலையும் இழக்கிறார். 180 மில்லி ‘குவாட்டரை’ முன்பின் அறியாத ஒருவரோடு சரிபாதியாகப் பங்கிடும் ‘கட்டிங்’ முறைகூட நகரத்தில் தனித்து வாழும் தொழிலாளிக்கு ஒரு வகைத் தோழமை. கழிவுநீர்க் குழியில் இறங்குவோர் நாற்றத்தைத் தாங்கவே குடிப்பதாகக் கூறுகின்றனர். அவர்களிடம் விழிப்புணர்வுச் சுவரொட்டி என்ன செய்யும்? வலி, தூக்கம், தோழமை, வேலை என மது நிரப்பி வந்த ஒவ்வொரு இடத்துக்கும் வேறொன்று வந்தாக வேண்டும். முப்பது நாள் மையத்தில் வைத்திருந்து அதே சனிக்கிழமைக்குத் திருப்பி அனுப்புவதன் விளைவு முன்கூட்டியே அறியத்தக்கது.

தமிழகத்தில் இதனை உணர்ந்து செய்யப்பட்ட முயற்சிகள் உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், பின்னர் மஞ்சக்குடி போன்ற ஊர்களில் முகாம் நடத்தியது. நோயாளியை ஊரிலிருந்து பெயர்த்து நகர மருத்துவமனைக்குக் கொண்டுவருவதற்கு மாறாக, சிகிச்சையை ஊருக்குள் கொண்டுசென்று, ஊராரையே அதற்குத் துணையாக்கும் முறை இது. எவர் சிகிச்சை பெற்றார் என்பதை ஊர் அறியும். அதனால் திரும்பி வந்தவருக்குக் கோப்பை நீட்டத் தயங்கவும் செய்யும்.

வீடு

குடியை நிறுத்தியவர் முதல் மாதத்திலேயே பழைய மதிப்பை எதிர்பார்க்கிறார். குடும்பமோ பல ஆண்டு அனுபவத்தைக் கொண்டு அவரை அளக்கிறது. இரவு தாமதமானால் மூச்சை முகர்ந்து பார்க்கும் குழந்தை, சம்பள அட்டையைத் திருப்பித் தரத் தயங்கும் மனைவி, ‘எத்தனை நாளைக்கு?’ என்னும் மாமியார் ஆகியோர் தவறிழைத்தவர்கள் அல்லர். நம்பிக்கையும் மீட்சி மூலதனத்தின் ஒரு பகுதிதான். அது மிக மெதுவாகவே சேர்கிறது. குடிநோயாளியின் குடும்பத்தாருக்கெனத் தனியே ‘அல்-அனான்’ என்னும் கூட்டமைப்பு 1951இல் உருவானதன் காரணம் இதுவே: அவர்களும் மீளவேண்டியவர்கள்.

வரிவிளம்பரங்கள் இவ்விடத்தில்தான் நுழைகின்றன. ‘அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்’ என்னும் வாசகம் தமிழ் நாளிதழ் வாசகர் அறிந்ததே. டைசல்ஃபிரம் என்னும் மருந்தின் இயல்பை டென்மார்க்கில் 1948இல் கண்டறிந்து வெளியிட்டனர். அதனை உட்கொண்டவர் மது அருந்தினால் அசிட்டால்டிஹைடு உடலில் தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் வீழும். தாமே அறிந்து, மருத்துவர் கண்காணிப்பில் உட்கொள்பவருக்கு இது துணை. அறியாமல் குழம்பில் கலந்து தரப்படும்போது நஞ்சுக்கு ஒப்பானது. இதய நோயுள்ளவருக்கு உயிரும் போகலாம். பெயர் தெரியாத பொடியில் என்ன கலந்துள்ளது என்பதை விற்பவரே அறிவார். இங்கும் குடித்தவர் எழுவாயாக இல்லை. அவர்மீது ஒரு செயல் நிகழ்த்தப்படுகிறது. பூட்டிய அறை, சங்கிலி, அடி ஆகியவற்றைச் சிகிச்சை என விற்கும் உரிமம் பெறாத மையங்களும் இதே தருக்கத்தின் தொடர்ச்சியே. மதுவால் விளையும் மனநிலைப் பாதிப்பை மனநோயின் வரையறைக்குள் கொண்டுவந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவருக்கு மதிப்போடு நடத்தப்படும் உரிமையையும் வழங்கியுள்ளது. மையத்தில் சேர்க்க வரும் குடும்பத்தார் இச்சட்டத்தை அறிந்து வருவது அரிது.

இதுவரை கூறப்பட்ட குடிநோயாளி ஆணாகவே இருந்தார். முன்னுரையில் சுட்டிய தேசிய ஆய்வில் மது அருந்தும் ஆண்கள் 27.3 விழுக்காடு, பெண்கள் 1.6 விழுக்காடு. எண் சிறிது, ஆயினும் நாட்டின் மக்கள்தொகையில் அது பல இலட்சம் பெண்களைக் குறிக்கும். ‘குடிகாரன்’ என்பதில் இரக்கத்துக்கோ நகைப்புக்கோ இடமுண்டு. அதன் பெண்பாற்சொல்லில் வசை மட்டுமே உண்டு. மறுவாழ்வு மையங்களில் பெரும்பாலானவை ஆண்களுக்குரியவை. கார்த்திகை மாலை பெரும்பாலும் அவளுக்குக் கிட்டாது. மாலைநேரக் கூட்டத்துக்குச் செல்லவேண்டுமாயின் எங்குச் செல்கிறாள் என்னும் வினாவுக்கு வீட்டில் விடை கூறியாக வேண்டும். கணவன் குடித்தால் மனைவி மையத்துக்கு அழைத்து வருகிறாள். மனைவி குடித்தால் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர்.